விண்வெளி நிலையம் கட்டுவோரின் கேள்விகள்

விண்கலத்தை நாமே வடிவமைத்து, ஏவி, சுற்றுப்பாதையில் செலுத்தும் ‘கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்’ என்ற கணினி விளையாட்டைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம். மெக்சிகோ நகரத்தைச் சேர்ந்த ஸ்குவாட் நிறுவனம் 2011ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளியிட்ட இந்த விளையாட்டில், இரு கலங்களை விண்ணில் இணைக்கும் டாக்கிங் வசதி 2012 டிசம்பரில் வந்த 0.18 பதிப்பில்தான் சேர்ந்தது. கேள்விகளில் பல கடைசிப் பத்து மீட்டரைப் பற்றியவை. அந்தப் பத்து மீட்டரில் படும் சிரமம் பெரும்பாலும் ஏவுதளத்திலும் வடிவமைப்புக் கூடத்திலும் தொடங்கிவிடுகிறது என்பதால், சில பதில்கள் கேள்வி எழுந்த இடத்திலிருந்து சற்றுப் பின்னோக்கிப் போகின்றன.

கேள்வி: என் கலமும் நிலையமும் விளையாட்டின் கெர்பின் என்ற கோளுக்கு மேல் 100 கிலோமீட்டர் உயரத்தில், ஒரே சுற்றுப்பாதையில் இருக்கின்றன. நிலையம் எனக்கு முன்னால் 20 கிலோமீட்டர் தொலைவில் செல்கிறது. அதை நோக்கி எஞ்சினை இயக்கினால் முதலில் நெருங்குகிறது. பிறகு எனக்குக் கீழாகவும் முன்னாகவும் விலகிப் போய்விடுகிறது. இது விளையாட்டில் உள்ள பிழையா?

பதில்: பிழை அன்று, உங்களுக்கு நேர்ந்தது 1965 ஜூன் 3 அன்று உண்மையான விண்வெளி வீரர் ஒருவருக்கும் நேர்ந்தது. ஜெமினி 4 கலத்தைச் செலுத்திய ஜேம்ஸ் மெக்டிவிட், தம்மைச் சுற்றுப்பாதையில் சேர்த்த டைட்டன் ராக்கெட்டின் இரண்டாம் அடுக்கைக் கண்ணால் பார்த்தபடியே நெருங்க முயன்றார். அதை நோக்கி உந்த உந்த அது விலகியது. எரிபொருளில் ஏறத்தாழ பாதி கரைந்த பின் முயற்சி கைவிடப்பட்டது. அந்தக் காலத்தில் மிகத் திறமையான விமானிகளுக்கும் இது உள்ளுணர்வுக்கு எதிரான பாடமாகவே இருந்தது.

சுற்றுப்பாதையில் முன்னோக்கி உந்தினால் உங்கள் பாதையின் மறுபக்கம் உயர்கிறது. பாதை பெரிதாகிறது, ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் கூடுகிறது, ஆகவே நீங்கள் நிலையத்துக்குப் பின்தங்குகிறீர்கள். முன்னால் செல்வதை எட்டிப் பிடிக்க வேண்டுமானால் வேகத்தைக் குறைக்க வேண்டும். பாதை சற்றுத் தாழ்ந்து, சுற்று நேரம் குறைந்து, ஒரு சுற்று முடிந்து அதே இடத்துக்கு நீங்கள் திரும்பும்போது இடைவெளி அடைபட்டிருக்கும்.

உங்கள் நிலைமைக்கே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுப்பாதை வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 2,246 மீட்டர். ஒரு சுற்றுக்கு 1,958 விநாடிகள், அதாவது முப்பத்திரண்டரை நிமிடத்துக்குச் சற்று மேல். 20 கிலோமீட்டர் இடைவெளி என்பது காலக் கணக்கில் 9 விநாடிகள்தான். சுற்று நேரத்தை 9 விநாடி குறைக்க, பயணத் திசைக்கு எதிராக விநாடிக்கு 3.4 மீட்டர் அளவுக்கு வேகம் குறைத்தால் போதும். பாதையின் தாழ்ந்த புள்ளி 4 கிலோமீட்டர் அளவுக்கு இறங்கும். வளிமண்டலம் 70 கிலோமீட்டரோடு முடிந்துவிடுவதால் ஆபத்து இல்லை. ஒரு சுற்று கழித்து நிலையத்தின் அருகே வந்து சேரும்போது உங்களுக்கும் அதற்கும் இடையே உள்ள சார்பு வேகமும் அதே 3.4 மீட்டர்தான். பொறுமையாக ஒரு சுற்றுக் காத்திருப்பவருக்கு எரிபொருள் கிட்டத்தட்ட செலவே ஆகாது.

இரண்டு கிலோமீட்டருக்குள் வந்துவிட்டால் மட்டும் இந்த வளைவுகளைப் பெரிதாகப் பொருட்படுத்த வேண்டியதில்லை. அந்தத் தொலைவைச் சில நிமிடங்களில் கடந்துவிடலாம் என்பதால், இலக்கை நோக்கி நேரடியாக உந்திச் செல்வது அங்கே பலன் தரும்.

கேள்வி: நிலையத்தைச் சந்திப்பதற்கே என் எரிபொருளில் பாதி போய்விடுகிறது. ஏவும் நேரத்தைப் பார்த்துத்தான் ஏவ வேண்டுமா?

பதில்: நேரத்தைவிட முதலில் சுற்றுப்பாதையின் தளத்தை, அதாவது பாதை படிந்திருக்கும் சமதளப் பரப்பைப் பார்க்க வேண்டும். உங்கள் பாதையும் நிலையத்தின் பாதையும் ஒரே தளத்தில் இல்லாவிட்டால், அந்தச் சாய்வைத் திருத்துவதற்குத்தான் அதிக விலை கொடுக்க நேரிடும். மேலே சொன்ன உயரத்தில் 1 பாகை சாய்வைத் திருத்த விநாடிக்கு 39 மீட்டர் வேக மாற்றம் தேவை. 5 பாகைக்கு 196 மீட்டர். ஒப்பிட்டுப் பாருங்கள்: 80 கிலோமீட்டர் வட்டப்பாதையிலிருந்து 100 கிலோமீட்டர் வட்டப்பாதைக்கு ஏறும் வேலை முழுவதற்கும் 33 மீட்டர்தான் ஆகிறது. விளையாட்டின் ஏவுதளம் கிட்டத்தட்ட நிலநடுக்கோட்டின் மேலேயே இருப்பதால், நிலையத்தின் முதல் கூறை நேர் கிழக்காக ஏவிச் சாய்வைப் பூச்சியத்துக்கு அருகில் வைத்துவிட்டால், அதற்குப் பின் ஏவும் ஒவ்வொரு கலத்துக்கும் இந்தச் செலவு மிச்சமாகும். உண்மையான சர்வதேச விண்வெளி நிலையம் 51.6 பாகை சாய்வில் சுற்றுவதால், அங்கே செல்லும் ராக்கெட்டுகள் அந்தத் தளம் ஏவுதளத்துக்கு மேலே வரும் கணத்துக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

நிலையம் சாய்ந்த பாதையில் ஏற்கெனவே இருந்தால், வரைபடத்தில் அதை இலக்காகத் தேர்ந்து, ஏறுகணு அல்லது இறங்குகணு (இரு பாதைகளின் தளங்களும் வெட்டிக்கொள்ளும் புள்ளிகள்) வரும்போது திருத்துங்கள். வேறு இடத்தில் திருத்த முயன்றால் எரிபொருள் வீணாகும்.

தளம் சரியான பிறகு, நேரத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். நிலையம் 100 கிலோமீட்டரில் இருந்தால் நீங்கள் 80 கிலோமீட்டரில் காத்திருங்கள். அங்கே ஒரு சுற்று 1,875 விநாடிகள். ஒவ்வொரு சுற்றிலும் நிலையத்தைவிட 83 விநாடி முந்துகிறீர்கள். நிலையம் கோளின் மறுபக்கத்தில் இருந்தாலும் 6 மணி நேரத்தில் அதன் பின்னால் வந்துவிடலாம். காலத்தை வேகப்படுத்தும் வசதி இருப்பதால் அந்த 6 மணி நேரம் நமக்குச் சில நிமிடங்களே. நிலையம் உங்களுக்கு 4 பாகை முன்னால் இருக்கும் கணத்தில் விநாடிக்கு 16 மீட்டர் அளவுக்கு முன்னோக்கி உந்தினால், அரைச் சுற்றில் அதன் அருகே போய்ச் சேர்வீர்கள். பாதைகள் குறுக்கே வெட்டிக்கொள்ளாமல் தொட்டுக்கொள்ளும்படி சந்திப்பை அமைப்பதே இதன் பயன். குறுக்கே வெட்டும் பாதையில் வருபவர் சந்திப்பில் நூறு, இருநூறு மீட்டர் வேகத்தைக் கொன்றாக வேண்டும்.

கேள்வி: சந்திப்புப் புள்ளி 300 மீட்டர் என்று காட்டுகிறது. ஆனால் நிலையத்தைக் கடந்து பறந்துவிடுகிறேன். எந்த வேகத்தில் நெருங்க வேண்டும்?

பதில்: திசை காட்டும் உருண்டையான நாவ்பாலின் மேலே வேகம் காட்டும் இடத்தைச் சொடுக்கி ‘டார்கெட்’ என்ற நிலைக்கு மாற்றினீர்களா என்று பாருங்கள். சுற்றுப்பாதை வேகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு 2,246 என்ற எண்ணால் இந்தக் கட்டத்தில் எந்தப் பயனும் இல்லை. நிலையத்தைச் சார்ந்த வேகமே வேண்டும். மிக நெருங்கிய கணத்தில், அந்த நிலையில் காட்டப்படும் எதிர்த்திசைக் குறியை நோக்கி எஞ்சினை இயக்கி, சார்பு வேகத்தைப் பூச்சியம் ஆக்குங்கள். இப்போது ஒன்றைச் சார்ந்து மற்றொன்று அசையாமல் நிற்கிறது. அதன் பிறகே நெருங்கும் வேலையைத் தொடங்க வேண்டும். நெருங்குவதையும் நிறுத்துவதையும் ஒரே அசைவில் செய்ய முயல்வதுதான் புதியவர்களைத் தோற்கடிக்கிறது.

வேகத்துக்கு நாம் பின்பற்றும் விதி, மீட்டரில் உள்ள தொலைவை நூறால் வகுப்பது. 1,000 மீட்டரில் விநாடிக்கு 10 மீட்டர், 100 மீட்டரில் 1 மீட்டர். கடைசி 20 மீட்டருக்குள் விநாடிக்கு 0.2 மீட்டர் என்ற அளவில் வைத்துக்கொண்டால், எந்தத் தவறையும் திருத்த நேரம் இருக்கும்.

வேகம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு 1997 ஜூன் 25 அன்று ரஷ்யாவின் மிர் நிலையத்தில் நடந்ததை நினைவூட்ட வேண்டும். ஆளில்லாச் சரக்குக் கலமான புரோகிரஸ் எம்-34ஐ நிலையத்துக்குள்ளிருந்து தொலைக்கருவியால் கையாண்டு இணைக்கும் சோதனையில், கலம் எதிர்பார்த்ததைவிட வேகமாக வந்து ஸ்பெக்டர் என்ற கூறின் மீது மோதியது. ஸ்பெக்டரில் துளை விழுந்து காற்று வெளியேறத் தொடங்கியது. கூறுகளுக்கு இடையே உள்ள கதவின் வழியாக மின்கம்பிகள் ஓடிக்கொண்டிருந்ததால், குழுவினர் அவற்றைப் பிரித்தும் அறுத்தும் அகற்றிய பிறகே கதவை மூட முடிந்தது. விளையாட்டில் சேமித்த இடத்துக்குத் திரும்பிவிடலாம் என்ற துணிவில் நாம் வேகமாகப் போகிறோம். மிர் நிலையத்தில் இருந்த மூவருக்கு அப்படி ஒரு வசதி இருக்கவில்லை.

கேள்வி: 50 மீட்டர் வரை வந்துவிடுகிறேன். அதற்குப் பிறகு டாக்கிங் போர்ட்டை (கலங்கள் இணையும் வாயிலை) நேராக்க முடியாமல் நிலையத்தைச் சுற்றியே வருகிறேன். ஒருவழியாக நேராக்கினாலும் சற்று நேரத்தில் கோணம் மாறிவிடுகிறது.

பதில்: நான்கு வேலைகளைச் சரியாகச் செய்தால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். உங்கள் கலத்தின் டாக்கிங் போர்ட்டைச் சொடுக்கி ‘இங்கிருந்து கட்டுப்படுத்து’ என்ற கட்டளையைத் தேர்ந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் நாவ்பால் வேறு ஒரு முகத்தை ‘முன்பக்கம்’ என்று கருதிக்கொண்டிருக்கும். அடுத்து, நிலையத்தை மொத்தமாக இலக்காக வைக்காமல், நீங்கள் சேர வேண்டிய அந்த ஒரு போர்ட்டை இலக்காக வையுங்கள். பிறகு நிலையத்தின் கட்டுப்பாட்டுக்கு மாறி, அதன் போர்ட்டும் உங்களை நோக்கித் திரும்பும்படி செய்யுங்கள். இரு போர்ட்டுகளும் ஒன்றையொன்று நோக்கி நின்றால், நேராக முன்னே செல்வது ஒன்றே மிச்சம். கலத்தின் திசையைத் தானாக நிலைநிறுத்தும் எஸ்ஏஎஸ் கருவியில் ‘இலக்கை நோக்கு’ என்ற வசதி இருக்கிறது. விளையாட்டின் ‘கேரியர்’ முறையில் அதற்கு மூன்றாம் நிலை விமானியோ மேம்பட்ட கட்டுப்பாட்டுக் கருவியோ வேண்டும்.

நான்காவது வேலையை ஏவும் முன்பே, வடிவமைப்புக் கூடத்தில் செய்ய வேண்டும். பக்கவாட்டில் நகர்த்தும் சிறு உந்திகளான ஆர்சிஎஸ் த்ரஸ்டர்களைக் கலத்தின் நிறை மையத்துக்கு இரு புறமும் சம அளவில் வைக்க வேண்டும். முன்முனையில் மட்டும் வைத்தால், இடப்பக்கம் நகர்த்த நினைக்கும் ஒவ்வொரு முறையும் கலம் திரும்பும்; எஸ்ஏஎஸ் அதை எதிர்த்து, த்ரஸ்டர்களின் எரிபொருளான மோனோபுரொப்பெல்லன்டை எரிக்கும்; ஐந்து நிமிடத்தில் தொட்டி காலியாகும். சுற்றுப்பாதையை அடையும்போது தொட்டிகள் பாதி காலியாகி நிறை மையம் நகர்ந்திருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். கடைசி ஐம்பது மீட்டரில் கை நடுங்குவதாக எழுதும் வாசகர்களில் பலருக்குக் கை நடுங்கவில்லை என்பதே நம் கருத்து. கலம் சரியாக அமைக்கப்படவில்லை.

கோணம் தானாக மாறுவதற்குக் காரணம் வேறு. நிலையம் விண்மீன்களைச் சார்ந்து ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருக்க, அதன் பாதை ஒரு சுற்றில் 360 பாகை திரும்புகிறது. அதாவது நிமிடத்துக்கு 11 பாகை. பயணத் திசையை நோக்கி நிற்கும் போர்ட், பத்து நிமிடம் கழித்து அந்தத் திசையை நோக்கி நிற்காது. இதிலிருந்து தப்ப எளிய வழி, போர்ட்டைச் சுற்றுப்பாதையின் தளத்துக்குச் செங்குத்தாக, அதாவது வடக்கு அல்லது தெற்கு நோக்கித் திருப்பி வைப்பது. அந்தத் திசை மட்டும் சுற்றுப்பாதை முழுவதும் மாறாமல் இருக்கும். நிலையத்துக்கு முதல் கூறை அனுப்பும்போதே இதைச் செய்துவிட்டால், பின்னால் வரும் ஒவ்வொரு கலத்துக்கும் வாசல் ஒரே பக்கத்தில் திறந்திருக்கும்.

கேள்வி: போர்ட்டுகள் தொடுகின்றன, ஆனால் பூட்டிக்கொள்வதில்லை.

பதில்: அளவு ஒன்றா என்று பாருங்கள். சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவுகளில் போர்ட்டுகள் உள்ளன. ஒரு அளவு மற்றோர் அளவோடு சேராது. அளவு ஒன்றாக இருந்தும் சேரவில்லை என்றால், வடிவமைப்பின்போது ஒரு போர்ட் பின்பக்கமாகத் திரும்பிப் பொருத்தப்பட்டிருக்கலாம். இது அடிக்கடி நடக்கும். சற்று முன் பிரித்த அதே போர்ட்டில் மீண்டும் இணைக்க முயன்றால், ஒரு முறை விலகிச் சென்று திரும்பி வாருங்கள். அப்போதுதான் அதன் காந்தம் மீண்டும் செயல்படும்.

கேள்வி: ஆறாவது கூறை இணைத்தவுடன் என் நிலையம் ஆடத் தொடங்கி, சில நேரம் உடைந்தும் விடுகிறது. விளையாட்டும் மிக மெதுவாகிறது.

பதில்: இந்த இதழுக்கு வந்தவற்றில் மிக நல்ல கேள்வி இது, ஏனென்றால் நிலையம் கட்டும் கலை முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது.

முதலில் ஆட்டம். விளையாட்டில் இரு பாகங்கள் சேரும் இடம் சிறிதளவு வளையக்கூடிய மூட்டாகக் கணக்கிடப்படுகிறது. டாக்கிங் போர்ட்டுகளைச் சங்கிலியாகக் கோத்து நீளமான நிலையம் அமைத்தால், ஒவ்வொரு மூட்டும் சிறிது வளைந்து முனைகள் ஊசலாடும். எஸ்ஏஎஸ் அந்த ஊசலை உணர்ந்து எதிர்த்திசையில் திருப்ப முயல்கிறது. அந்த முயற்சியே ஊசலைப் பெரிதாக்குகிறது. ஆகவே ஆடத் தொடங்கியதும் செய்ய வேண்டியது எஸ்ஏஎஸ்ஸை அணைப்பது. பிறகு எல்லாக் கூறுகளிலும் உள்ள, கலத்தைத் திருப்பும் சுழல்சக்கரங்களை நிறுத்திவிட்டு, நடுக் கூறில் உள்ளதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 1.2 பதிப்பு முதல், அமைப்பில் உயர்நிலை வசதிகளைத் திறந்தால், பாகங்களுக்கு ‘ஆட்டோஸ்ட்ரட்’ என்ற கண்ணுக்குத் தெரியாத தாங்குகம்பியை இடும் வசதி கிடைக்கிறது. அளவோடு பயன்படுத்தினால் பலன் தரும். முதுகெலும்பாக அமையும் கூறுகளுக்கு இடையே பெரிய போர்ட்டையே பயன்படுத்துங்கள். சிறிய போர்ட்டுகள் வந்து போகும் கலங்களுக்கு உரியவை.

அடுத்து, கனமான கூறை எந்தப் போர்ட்டில் முதலில் சேர்ப்பது என்பது. மிர் நிலையத்தின் மையக் கூறு 1986 பிப்ரவரியில் ஏவப்பட்டது. பின்னால் வந்த பெரிய கூறுகள் பக்கவாட்டுப் போர்ட்டில் நேரடியாகச் சேரவில்லை. அவை நிலையத்தின் நீள் அச்சில் உள்ள முன் போர்ட்டில் இணைந்து, பிறகு லியாப்பா என்ற கையால் பக்கவாட்டுப் போர்ட்டுக்கு மாற்றப்பட்டன. சீனாவின் தியான்கொங் நிலையத்துக்கு 2022இல் சென்ற வென்தியன், மெங்தியன் ஆகிய இரு கூறுகளும் அப்படியே முன்பக்கம் சேர்ந்து, பின்னர் பக்கத்துக்கு நகர்ந்தன. அச்சில் வந்து சேரும் கலத்தின் மோதல் நிலையத்தின் நிறை மையம் வழியாகச் செல்கிறது. பக்கத்தில் சேரும் கனமான கலம் நிலையத்தையே திருப்பிவிடும். விளையாட்டின் அடிப்படைத் தொகுப்பில் அத்தகைய கை இல்லை என்பதால், கூறுகளை இருபுறமும் சோடியாகச் சேர்த்துச் சமச்சீரைக் காப்பதே நமக்கு உரிய வழி.

வேகக் குறைவுக்குக் காரணம் பாகங்களின் எண்ணிக்கை. ஒவ்வொரு பாகத்தையும் கணினி தனித்தனியே கணக்கிடுகிறது. பத்துச் சிறு தொட்டிகளுக்குப் பதில் ஒரு பெரிய தொட்டி, இருபது சிறு சூரியத் தகடுகளுக்குப் பதில் இரண்டு பெரியவை என்று எண்ணிக்கையைக் குறையுங்கள். கூறைச் சுற்றுப்பாதைக்குக் கொண்டுவந்த எஞ்சின், த்ரஸ்டர், காலித் தொட்டி ஆகியவற்றை இழுவைக் கலமாகத் தனியே அமைத்து, இணைத்த பின் பிரித்துக் கீழே இறக்கிவிடுவது மிக நல்ல பழக்கம்.

கேள்வி: கட்டி முடித்த நிலையத்தால் உண்மையில் என்ன பயன்? எங்கே கட்டுவது நல்லது?

பதில்: பயன் இல்லாத நிலையத்தைக் கட்ட வேண்டாம் என்போம். அழகுக்காகக் கட்டுவதில் தவறில்லை, ஆனால் ஒரு வேலை இருந்தால்தான் அதன் வடிவம் தெளிவாகும். நம் தேர்வு மின்மஸ் என்ற சிறு நிலவைச் சுற்றும் எரிபொருள் நிலையம். அதன் தாழ்ந்த சுற்றுப்பாதையிலிருந்து தரையிறங்க விநாடிக்கு ஏறத்தாழ 180 மீட்டர் வேக மாற்றமே போதும்; ‘முன்’ (Mun) என்ற பெரிய நிலவில் அதே வேலைக்கு 580 மீட்டர் வேண்டும். ஆகவே ஒரே இறங்குகலம் நிலையத்தில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு மின்மஸின் பல இடங்களுக்கு மீண்டும் மீண்டும் சென்று வர முடியும். ஆய்வுக்கூடக் கூறையும் அங்கேயே இணைத்துவிட்டால், கொண்டுவரும் ஆய்வுத் தரவுகளை அங்கேயே செயலாக்கலாம்.

கேள்வி: இஸ்ரோவின் ஸ்பேடெக்ஸ் திட்டத்தில் செய்ததும் நாம் விளையாட்டில் செய்வதும் ஒன்றுதானா?

பதில்: அடிப்படை இயற்பியல் ஒன்றே. 2024 டிசம்பர் 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி60 ராக்கெட்டில் சென்ற இரு செயற்கைக்கோள்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 220 கிலோ எடை கொண்டவை, 2025 ஜனவரி 16 அன்று விண்ணில் இணைந்தன. அமெரிக்கா, ரஷ்யா, சீனா ஆகியவற்றுக்குப் பின் இதைச் செய்த நான்காவது நாடு இந்தியா. இணைப்பு ஒரே மூச்சில் நடந்துவிடவில்லை. இடையில் இரு செயற்கைக்கோள்களுக்கும் நடுவே எதிர்பார்த்ததைவிட அதிகமான விலகல் ஏற்பட்டதால் முயற்சி தள்ளிவைக்கப்பட்டது. ஜனவரி 12 அன்று 15 மீட்டர் வரையும் பின்னர் 3 மீட்டர் வரையும் நெருங்கிப் பார்த்துவிட்டுப் பாதுகாப்பான தொலைவுக்குத் திரும்பினார்கள். ஒவ்வொரு தொலைவிலும் நின்று, சரிபார்த்து, பிறகு அடுத்ததுக்குச் செல்லும் அந்த முறையை அப்படியே நாமும் பின்பற்றலாம். தொடும்போது திட்டமிட்ட வேகம் விநாடிக்கு 10 மில்லிமீட்டர் என்ற அளவில் இருந்தது. நாம் 0.2 மீட்டரை மெதுவான வேகம் என்கிறோம். அது இதைவிட இருபது மடங்கு அதிகம்.

வேறுபாடுகளும் உண்டு. கெர்பினின் ஆரம் 600 கிலோமீட்டர்தான். பூமியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. 70 கிலோமீட்டருக்கு மேலே காற்றே இல்லை என்று விளையாட்டு எடுத்துக்கொள்வதால், நாம் விட்டுவந்த நிலையம் விட்ட இடத்திலேயே பல ஆண்டுகள் சுற்றும். ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள சர்வதேச விண்வெளி நிலையமோ மெல்லிய காற்றின் உராய்வால் தொடர்ந்து தாழ்ந்து வருவதால், அவ்வப்போது எஞ்சின்களை இயக்கி உயர்த்தப்படுகிறது.

கேள்வி: மெக்ஜெப் போன்ற மாட் (விளையாட்டோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் நிரல்) தானாகவே டாக்கிங் செய்துவிடுகிறது. அதைப் பயன்படுத்துவது ஏமாற்று வேலையா?

பதில்: இல்லை. 1966 மார்ச் 16 அன்று ஜெமினி 8 கலத்தை அஜீனா என்ற ஆளில்லா இலக்குக் கலத்தோடு நீல் ஆம்ஸ்ட்ராங் கையால் செலுத்தி இணைத்தார்; அதற்கு அடுத்த ஆண்டு அக்டோபரில் சோவியத் ஒன்றியத்தின் காஸ்மோஸ் 186, காஸ்மோஸ் 188 என்ற ஆளில்லாக் கலங்கள் தானியங்கி முறையில் இணைந்தன. இரு வழிகளும் ஒரே காலத்தில் வளர்ந்தவை. ஆனாலும் மாட் நிறுவும் முன் ஒரு முறையேனும் கையால் இணைத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். த்ரஸ்டர்கள் தவறாக அமைந்த கலத்தை மெக்ஜெப்பாலும் நேராக ஓட்ட முடியாது. அது எரிபொருளை வீணாக்கித் தடுமாறும்போது காரணத்தைக் கண்டுபிடிக்க, கையால் ஓட்டிய அனுபவம் வேண்டும்.